‘நில்’ என்றால் தும்பிக்கு

‘எச்சரிக்கை விடுக்கப்பட்டும் டிரோனை இயக்கியவர் அதைப் பொருட்படுத்தவில்லை.’

என் தங்கை இறந்த பத்தொன்பதாம் நாள், அவள் வேலை பார்த்த வனப்பூங்கா அலுவலகத்திலிருந்து வந்த விபத்து அறிக்கையில் இந்த வரி இருந்தது. மூன்றாம் பக்கம், அடியிலிருந்து இரண்டாவது வரி. அப்பாவுக்குக் கண் சரியில்லை என்பதால் நான்தான் படித்துக் காட்டினேன். அவர் முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவர். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

“திரும்பப் படி.”

படித்தேன்.

“யார் பொருட்படுத்தல? என் பொண்ணா?”

எனக்கு அந்த நிமிடம் ஏறிய கோபம் இதுவரை இறங்கவில்லை. அழுகை வந்தபோதெல்லாம் கோபம்தான் முந்திக்கொண்டது. தெருவில் ஏற்கெனவே ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. ‘போனைப் பாத்துக்கிட்டே நடந்தாளாம், பள்ளத்துல விழுந்துட்டாளாம்.’ எதிர்வீட்டு அம்மா என்னிடமே கேட்டார், “ஏம்ப்பா, வேலை நேரத்துல போன் பாக்கலாமா?” என்று. அவள் கையில் இருந்தது டிரோனின் ரிமோட், அதன் திரையாகத்தான் போனைப் பொருத்தியிருந்தாள் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வந்துவிட்டேன். யாரிடமெல்லாம் போய்ச் சொல்வது? அலுவலகத்தின் முத்திரையோடு வந்த தாள் அந்தக் கதைக்கு இப்போது கையெழுத்தும் போட்டுக்கொடுத்திருந்தது.

அவளைப் பற்றி நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

டிரோன் பக்கம் அவள் வந்ததே ஒரு சண்டையில்தான். கல்லூரி முடித்ததும் ஒரு ஸ்டூடியோவில் புகைப்படக்காரியாகச் சேர்ந்தாள். ஒரு கல்யாண மண்டபத்தில், வாடகைக்கு வந்த ஒருவர் உள்ளேயே டிரோனை ஏற்றி, உட்கார்ந்திருந்தவர்கள் தலைக்கு ஒரு முழம் மேலே ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கைதட்டல் வேறு. அது திரைச்சீலையில் சிக்கிக் கீழே விழுந்தபோது ஒரு பெண்ணின் காதோரம் கிழிந்துவிட்டது. என் தங்கை நேராகப் போய் அவர் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். “கொடுக்க முடியாது, போய் உங்க முதலாளியைக் கூட்டிட்டு வாங்க” என்றாளாம். மறுநாள் அவளுடைய முதலாளி அவளைத்தான் திட்டினார். ஒரு மாதத்தில் வேலையை விட்டாள். அடுத்த மாதம் டிரோன் ஓட்டும் பயிற்சியில் சேர்ந்தாள்.

“ஏன்டி, அதைக் கண்டாலே எரிச்சல்னு சொன்ன?”

“எரிச்சல் அது மேல இல்லண்ணா. ஓட்டுறவன் மேல.”

உரிமம் வாங்கி, அங்கே இங்கே வயல் அளந்து, பிறகு வனப்பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு வருடம். பூங்காவுக்குள் ஐந்து கிலோமீட்டர் நடைபாதை ஒன்று மரங்களுக்கு நடுவே மலைச்சரிவை ஒட்டிப் போகிறது. மழையோ காற்றோ அடித்து ஓய்ந்ததும் எங்கே மரம் விழுந்திருக்கிறது, எந்தக் கிளை தொங்குகிறது, கைப்பிடிக் கம்பி எங்கே ஆடுகிறது, எந்த இடத்தில் ஓரம் அரித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்பு நான்கு பேர் இரண்டு நாள் நடந்து பார்த்த வேலை. அவள் கேமரா டிரோனை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்து அரை நாளில் முடித்துவிடுவாள். டிரோனுக்கு அவள் வைத்த பெயர் தும்பி. அதனால் பூங்காவில் எல்லோருக்கும் அவள் தும்பியக்கா. அறுபது வயதுக் காவலாளி முதற்கொண்டு அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். எனக்கு இயந்திரங்கள் பிடிபடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சாப்பாட்டு மேசையில் தட்டையும் டம்ளரையும் மரமாக நிறுத்தி, உப்புச் சாடியைத் தும்பியாக ஓட்டி அவள் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் எனக்கு மனப்பாடம்.

“வெட்டவெளியில ஏத்துறது பெரிய ரோட்டுல வண்டி ஓட்டுற மாதிரி. மரத்துக்குக் கீழ ஓட்டுறது கண்ணாடிக் கடைக்குள்ள சைக்கிள் ஓட்டுற மாதிரி” என்பாள். வெட்டவெளியில் டிரோனுக்குச் செயற்கைக்கோள் வழி காட்டும். இலைக்கூரைக்குக் கீழே அந்தச் சமிக்ஞை விட்டுவிட்டு வரும், அது தன் இடம் தெரியாமல் மெல்ல நகரத் தொடங்கும். முன்னும் பின்னும் தடை பார்க்கும் கண்கள் அதற்கு உண்டு. பெரிய மரத்தைப் பார்க்கும். இலை உதிர்ந்த சுள்ளியை, தொங்கும் கொடியைப் பார்க்காது. அதனால் மனிதன் நடக்கிற வேகத்துக்கு மேல் அவள் அதை விட்டதே இல்லை. பேட்டரி பாதி ஆனால் திரும்பிவிடுவாள். அந்தப் பகுதியில் ஆள் நடமாட்டம் இருந்தால் ஏற்றவே மாட்டாள். இரண்டு முனையிலும் கயிறு கட்டிப் பலகை தொங்கவிட்ட பிறகுதான் விசிறி சுழலும்.

அவள் அதிகம் பயந்தது வேறு ஒன்றுக்கு. ரிமோட்டுக்கும் டிரோனுக்கும் தொடர்பு அறுந்தால், டிரோன் தானாக உயரே போய், கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வரும். எல்லா டிரோனுக்கும் அதுதான் பழக்கம். திறந்த வெளியில் நல்ல பழக்கம். மரத்துக்குக் கீழே, உயரே போவது என்றால் கிளைக்குள் போய் மோதுவது. அதனால் மரத்தடிக்குள் நுழையும் முன் அவள் அமைப்பை மாற்றிவிடுவாள்: தொடர்பு போனால் எங்கேயும் போகாதே, இருந்த இடத்திலேயே நில். மாற்றியதை வாய்விட்டுச் சொல்வாள். ஒவ்வொரு முறையும். ஆயிரம் முறை செய்தவள் ஆயிரத்தோராவது முறையும் சொல்லியிருக்கிறாள்.

இவளைத்தான் பொருட்படுத்தவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அவளோடு கூட நிற்பவர் ஒருவர் உண்டு. ஓட்டுபவரின் கண் தும்பி மேல் இருக்கும். அவர் கால் எங்கே வைக்கிறார் என்று பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். பாதையைச் செப்பனிடும் வேலைக்காரர், ஆறடி இரண்டு அங்குலம், நெட்டையண்ணன் என்று பெயர். ஆறு வருடமும் அவர்தான். தும்பி திரும்பி வரும்போது அவள் அதைப் பார்த்தபடியே பின்னால் நடக்க வேண்டியிருக்கும். தலைக்கு மேலே அதைப் பறக்கவிடக் கூடாது, பார்வையிலிருந்தும் விடக் கூடாது, வேறு வழியில்லை. நெட்டையண்ணன் அவள் முதுகுப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு கூடவே பின்வாங்குவார்.

முதல் வருடம் நடந்ததை இரண்டு பேரும் சேர்ந்துதான் என்னிடம் சொன்னார்கள். தும்பி ஒரு கிளையை நெருங்கியது. இவர் “நில்லு, நில்லு” என்று கத்தினார். என் தங்கை டக்கென்று நின்றாள். தும்பி நிற்கவில்லை. போய்க் கிளையில் அடித்து இரண்டு விசிறி உடைந்தது.

“யாரை நிக்கச் சொன்னீங்கண்ணே? என்னையா, அதையா?”

“உன்னை நிக்கச் சொல்லி எனக்கு என்ன ஆகணும்? நீயா கிளையில மாட்டப்போற?”

“அப்ப என்னை நிறுத்தணும்னா என்ன சொல்வீங்க?”

“வாரைப் பிடிச்சு இழுப்பேன். எருமையை அப்படித்தான் நிறுத்துவாங்க.”

“எருமைன்னா சொல்றீங்க?”

“பின்ன, தும்பின்னு நீயா சொல்லிக்கிட்டா ஆச்சா?”

அன்றைக்கு உட்கார்ந்து இரண்டு சொற்களை முடிவு செய்தார்கள். ‘நில்’ என்றால் தும்பிக்கு. ‘கால்’ என்றால் அவளுக்கு. ‘நில்’ என்று காதில் விழுந்தால் இரண்டு கட்டைவிரலையும் ரிமோட்டின் குச்சிகளிலிருந்து எடுத்துவிடுவாள். எடுத்தால் போதும், தும்பி அந்தரத்தில் அப்படியே நிற்கும். ‘கால்’ என்றால் அவள் கால் அசையாது. யோசித்துச் செய்கிற வரை இது உதவாது, யோசிக்காமல் நடக்க வேண்டும் என்று வாரக்கணக்கில் பழகினாள். வீட்டுக்குள் அப்பா, “நில்லும்மா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ” என்றால், கட்டைவிரல் இரண்டையும் தூக்கிக் காட்டிவிட்டு நிற்காமல் வாசலைத் தாண்டிப் போவாள். அப்பா என்னைப் பார்த்து, “பாருடா கொழுப்பை” என்பார்.

பாதுகாப்பு விதிகளை ஒரே பக்கத்தில் தன் கையால் எழுதிக் கொடுத்தாள். கடைசி இரண்டு வரிகள் அந்தச் சொற்கள். மேலாளர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டு, பொருள் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்ட வைத்தார்.

அந்த வாரம் நான்கு நாள் மழை. நடைபாதை திரும்பும் ஒரு வளைவில் ஓரம் சரிந்திருப்பதாகத் தகவல். மறுநாள் மேலிடத்திலிருந்து பெரியவர்கள் பாதையைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் படம் வேண்டும் என்றார் மேலாளர். அதே நேரம் நெட்டையண்ணனை நுழைவாயிலில் நாற்காலி போடவும் மேசை துடைக்கவும் வைத்துக்கொண்டார். நாற்பது நாற்காலி. யார் வேண்டுமானாலும் போடலாம். நான் அதை இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன். நெட்டையாக இருப்பவர்தான் நாற்காலி போட வேண்டுமா?

என் தங்கை போனில் மறுத்திருக்கிறாள். “அண்ணன் இல்லாம நான் ஏத்த மாட்டேன் சார்” என்று சொன்னது மேலாளர் பக்கத்தில் நின்ற நெட்டையண்ணனுக்கும் கேட்டது. “ஒரு ஆளை அனுப்புறேன், சொல்லித்தான் அனுப்புறேன்” என்று பதில். அனுப்பப்பட்டவர் பொருள் அறைக்காரர். விளக்குமாறு, வண்ண டப்பா, கயிறு எல்லாம் கணக்கு வைத்துக் கொடுக்கிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். மரத்தடியில் டிரோன் பறந்து அதற்கு முன் அவர் பார்த்தது இல்லை.

வளைவுக்கு அந்தப் பக்கம் தும்பியைக் கொண்டுபோய், சரிந்த ஓரத்தைப் படம் எடுத்து, திரும்ப அழைத்து வந்தாள். பார்த்தபடியே பின்னால் நடந்தாள். பையின் வாரைப் பிடிக்க ஆள் இல்லை. பொருள் அறைக்காரர் பதினைந்து அடி தள்ளி நின்றிருந்தார். அவளுக்குப் பின்னால் இரண்டடியில் மண் இல்லாததைப் பார்த்து, “நில்லு, நில்லு” என்று கத்தினார். அவள் அடுத்த அடியையும் வைத்தாள். நாற்பதடிச் சரிவு. அடியில் பாறை.

அறிக்கை கைக்கு வந்த மூன்றாம் நாள் நெட்டையண்ணன் வீட்டுக்கு வந்தார். அப்பா முன்னால் உட்கார மாட்டேன் என்று நின்றார். தும்பியிலிருந்து எடுத்து அலுவலகத்துக்குக் கொடுத்த மெமரி கார்டின் நகல் ஒன்றை என்னிடம் தந்தார்.

“நான் படிக்காதவன் சார். ஆனா இதைப் பாத்தா எனக்கு ஏதோ உறுத்துது. நீங்க பாருங்க.”

தும்பிக்கு அவள் பக்கம் முதுகு. படத்தில் அவள் இல்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பாதையும் இரு பக்க மரங்களும் மெல்ல விலகி விலகிப் போகின்றன. திடீரென்று எல்லாம் நின்றுவிடுகிறது. இலைகள் மட்டும் ஆடுகின்றன. பிறகு பதினொரு நிமிடம் அதே காட்சி. ஒரு அணில் பாதையைக் கடக்கிறது. யாரோ இரண்டு பேர் ஓடி வருகிறார்கள், போகிறார்கள். பேட்டரி குறைந்ததும் தும்பி நேர் கீழே இறங்கிப் பாதை நடுவில் உட்காருகிறது. மேலே போகவில்லை. கிளையில் மோதவில்லை. ஓடி வந்த யார் தலையிலும் விழவில்லை. அவள் செய்து வைத்த ஏற்பாடு அவள் இல்லாமல் வேலை செய்தது.

ஐந்தாறு முறை பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் விழுந்த அதிர்ச்சியில் குச்சியைத் தாறுமாறாக அசைத்திருந்தால் தும்பி ஒரு பக்கம் பாய்ந்திருக்கும். இது பாயவில்லை. பழகிய கை கட்டைவிரலை எடுத்தால் எப்படி நிற்குமோ அப்படி நின்றது. கண்ணாடி உடைந்து எங்களிடம் திரும்பி வந்த அவளுடைய போனில் பறந்த விவரம் நொடிக்கு நொடி பதிவாகியிருந்தது. பத்து நாற்பத்திரண்டு, பதினேழாம் நொடி: இரண்டு குச்சியும் நடுவில். பதினெட்டு: வேகம் பூஜ்யம். பத்தொன்பது: வேகம் பூஜ்யம். இருபதாம் நொடியில்தான் ரிமோட் கவிழ்ந்ததற்கான பதிவு.

அவள் விழும் முன்பே தும்பி நின்றுவிட்டது. எச்சரிக்கையைக் கேட்டாள். கேட்டபடி செய்தாள்.

மேலாளரின் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் நடைபாதையின் பெரிய படம் ஒன்று, அவள் எடுத்தது. எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

“உங்க வருத்தம் எனக்குப் புரியுது சார்.”

“அறிக்கையை யார் எழுதினது?”

“நான்தான். பாருங்க, இதுல அவங்களைக் குறைச்சு ஒண்ணும் சொல்லல. நடந்ததைத்தான் எழுதணும். அவர் நிக்கச் சொன்னார், இவங்க நிக்கல. நூறு சதவீதம் உண்மை.”

“அவ கேட்டா. கேட்டதாலதான் செத்தா.”

அவருக்குப் புரியவில்லை. புரியாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் இரண்டு சொற்களும் இருந்த விதித்தாளில் கையெழுத்துப் போட்டவர் அவர். பொருள் அறைக்காரரைக் கூப்பிடச் சொன்னேன். “அதெல்லாம் எதுக்கு சார், பாவம், அவரே உடைஞ்சு போயிருக்கார்” என்றார். கூப்பிடும் வரை இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்றேன். என் வாழ்க்கையில் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. அச்சகத்தில் என்னை ‘மௌனம்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர் வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. என்னைப் பார்த்ததும் அதைக் கையால் பொத்திக்கொண்டார், சத்தம் வரக் கூடாது என்பது போல. நான் படத்தைப் போட்டேன். காட்சி நின்ற இடத்தில் நிறுத்தினேன்.

“நீங்க கத்தினப்ப இது நடந்துதா?”

அவர் குனிந்து பார்த்தார். “ஆமா சார். நான் கத்தினதும் அது நின்னுச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மெஷினே நிக்குதே, இவங்க ஏன் நிக்கலன்னு நினைச்சேன்.”

“உங்களுக்கு என்ன சொல்லி அனுப்பினாங்க?”

அவர் மேலாளரைப் பார்த்தார்.

“அவரைப் பாக்காதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

“ஏதாவது ஆபத்துன்னா ‘நில்’னு கத்துன்னாங்க. வேற வார்த்தை சொல்லக் கூடாது, ‘நில்’னுதான் சொல்லணும், அதுதான் அவங்களுக்குப் பழக்கம்னு சாரு சொன்னாரு.”

“இன்னொரு சொல்?”

“இன்னொண்ணா?”

“உங்க ரூம் கதவுல ஒட்டியிருக்கே. கடைசி வரி.”

“அது கதவுக்கு உள்பக்கம் சார். கதவு எப்பவும் திறந்தேதான் இருக்கும். அலமாரி மறைச்சுக்கும்.” சொல்லிவிட்டு என் பக்கம் ஓரடி வந்தார். “அவங்க கேட்டாங்க சார்.”

“என்ன கேட்டா?”

“ஏத்துறதுக்கு முன்னாடி. ‘சொல்லிக் கொடுத்தாங்களா அண்ணே?’ன்னாங்க. கொடுத்தாங்கன்னேன். ‘சொல்லுங்க பாப்போம்’னாங்க. ‘நில்’னு சொன்னேன். ‘சரி, இன்னொண்ணு?’ன்னாங்க. அப்ப போன் வந்துச்சு. பேசிட்டு வெச்சதும் முகமே மாறிப்போச்சு. ‘சரி வாங்கண்ணே, சீக்கிரம் முடிப்போம்’னு கிளம்பிட்டாங்க.”

இன்னொன்று என்ன என்று திரும்பக் கேட்காமல் கிளம்பியது என் தங்கையின் தவறு. இதை நான் மறைக்கப்போவதில்லை. அவளே இருந்திருந்தால் அறிக்கையில் முதல் வரியாக அதைத்தான் எழுதியிருப்பாள். ஆனால் அந்தப் போன் யாருடையது என்று அவளுடைய போனிலேயே இருந்தது. பத்து மணி இருபத்தைந்து. நாற்பது நொடிப் பேச்சு. நான் போனைத் திருப்பி அந்த எண்ணை மேலாளருக்குக் காட்டினேன்.

“என்ன சொன்னீங்க?”

“படம் எப்ப வரும்னு கேட்டேன். கேக்கக் கூடாதா? மறுநாள் அவ்வளவு பேர் வராங்க, எனக்கும் மேல ஆள் இருக்காங்கல்ல?”

“என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்.”

அவர் மேசைமேல் இருந்த காகித எடையை நகர்த்தினார். “‘என்னம்மா, இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்கியா’ன்னேன். வேற ஒண்ணும் இல்ல.”

பொருள் அறைக்காரர் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. “அப்ப நான் கத்தினது…” என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்துத்தான் போனேன். வரவில்லை. பாதியைச் சொல்லி அனுப்பினால் பாதியைத்தான் எவரும் சொல்வார். அவர் எழுந்து வந்து மேசையில் கையை ஊன்றினார்.

“சார், அன்னைக்கு என்கிட்ட கையெழுத்து வாங்கினீங்களே, அது வேண்டாம். நான் வேற எழுதித் தரேன். அவங்க நான் சொன்னதைக் கேட்டாங்கன்னு எழுதித் தரேன்.”

“நீங்க சும்மா இருங்க. எழுதறேன் எழுதறேன்னா ஆச்சா?” என்று அவரை அதட்டிவிட்டு மேலாளர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “சார், அறிக்கை மேலே போயாச்சு. வேணும்னா ஒண்ணு செய்யலாம். ‘எச்சரிக்கையைத் தவறாகப் புரிந்துகொண்டார்’னு மாத்திக்கலாம். நாசூக்கா இருக்கும்.”

“அவ தவறா புரிஞ்சுக்கல.”

“ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.”

“பேச்சு இல்ல, எழுத்து. வீட்டுல எங்கப்பா அந்த வரியைத் தினமும் படிக்கச் சொல்றார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவர். இப்ப தெருவுல இறங்கறதில்ல. போன் பாத்துக்கிட்டே செத்தவளோட அப்பா அவர். என்னை எதை எடுத்துக்கிட்டுப் போய் அவர் முன்னாடி நிக்கச் சொல்றீங்க, நாசூக்கையா?”

என் குரல் வெளி அறை வரை போயிருக்க வேண்டும். தட்டச்சுச் சத்தம் நின்றது. மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகத்தில் வேறு ஏதோ இருந்தது. பயம்தான். எனக்கு அது போதவில்லை.

“திருத்தம்னு தனியா ஒரு தாள் வைக்கலாம். ஆனா அதை நான்தான் எழுதணும். வெச்சா என் பேர் வரும் சார்.”

“எழுதுங்க.”

வெள்ளைத்தாளை எடுத்தார். சொல்லச் சொல்ல எழுதினார். முதல் வரியில் அந்த அறிக்கையின் மூன்றாம் பக்க வாக்கியம் உண்மைக்கு மாறானது, நீக்கப்படுகிறது என்று எழுதச் சொன்னேன். எழுதினார். இரண்டாவது, இயக்கியவர் எச்சரிக்கையைக் கேட்டு, ஒரு நொடிக்குள் அதன்படி டிரோனை நிறுத்தினார் என்பது பறப்புப் பதிவில் உள்ளது. எழுதினார். மூன்றாவது, பயிற்சி பெற்ற துணையாளை வேறு வேலையில் வைத்துக்கொண்டு, இரண்டு சொற்களில் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்து வேறொருவரை அனுப்பினேன். கிளம்பும் முன் நடந்த ஒத்திகையின் நடுவில் போன் செய்து அவசரப்படுத்தினேன்.

அவர் பேனா நீண்ட நேரம் ஓடியது. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ‘பயிற்சி பெற்ற துணையாள் வேறு பணியில் ஈடுபடுத்தப்பட்டிருந்ததால் மாற்று நபர் அனுப்பப்பட்டார். ஒத்திகையின்போது தொலைபேசி அழைப்பு ஏற்பட்டது.’

இருபது வருடமாக இப்படிப்பட்ட வாக்கியங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். யாருமே செய்யாமல் எல்லாம் தானாக நடந்துவிடுகிற வாக்கியங்கள். என் தங்கையும் தானாக விழுந்தாள், நாற்காலிகளும் தாமாகப் போட்டுக்கொண்டன, போனும் தானாக அடித்தது.

“அடிங்க” என்றேன்.

“என்ன சார்?”

“‘அனுப்பப்பட்டார்’ங்கறதை அடிங்க. ‘அனுப்பினேன்’னு எழுதுங்க.”

“அலுவலக நடையில இப்படித்தான் சார் எழுதறது.”

“அவளைப் பத்தி எழுதறப்ப அந்த நடை எங்க போச்சு? ‘பொருட்படுத்தவில்லை’ன்னு நேராத்தானே எழுதினீங்க?”

அவர் பொருள் அறைக்காரரைப் பார்த்தார். அந்த மனிதர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் ‘அனுப்பப்பட்டார்’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டார். மெல்லிய கோடு, அடியில் எழுத்து தெரிந்தது. இன்னும் ஒரு கோடு போடச் சொன்னேன். போட்டு, மேலே பொடி எழுத்தில் ‘அனுப்பினேன்’ என்று எழுதினார். பிறகு ‘ஈடுபடுத்தப்பட்டிருந்ததால்’, ‘ஏற்பட்டது’ என்ற சொற்கள் மேலும் நானே விரலை வைத்துக் காட்டினேன். ‘ஈடுபடுத்தியிருந்ததால்’, ‘செய்தேன்’ என்று எழுதினார். அவர் விழுங்கிவிட்ட இரண்டையும், ஒரு சொல்லை மட்டும் சொல்லிக்கொடுத்ததையும் அவசரப்படுத்தியதையும், அடியில் எழுத வைத்தேன்.

பேனாவை மூடப் போனார்.

“கையெழுத்து” என்றேன். “தேதியும்.”